காற்றைக் கண்காணிக்க எந்த இடம்?

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்த செய்தியை வெளியுலகம் முதலில் அறிந்தது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்வீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்துக் கருவிகளால்தான். காற்று கொண்டுவந்த தூசியே காட்டிக்கொடுத்தது.

நம் நாட்டிலும் பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிர்வீச்சுக் கண்காணிப்பு நிலையங்களை வலையாகப் பின்னியிருக்கிறது. கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒன்று வைப்பதானால் எங்கே வைக்கலாம்? முதலில் காற்றின் திசை. அணுமின் நிலையம் உள்ள கல்பாக்கம் கடலூருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று என்று திசை மாறுவதால் கரையில் ஒன்று, உள்ளே தள்ளி ஒன்று என இரண்டு இருப்பதே நல்லது.

சிதம்பரத்தில் கோயில் கோபுரத்தை ஒட்டியோ மாடிக் கட்டடங்களுக்கு நடுவிலோ வைத்தால் காற்று தடைபட்டுச் சுழலும், அளவு பொய்யாகும். கொள்ளிட வெள்ளம் ஏறாத மேட்டு நிலமும் வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரில் மின்கம்பங்களைச் சாய்த்ததை மறக்க முடியுமா? சூரிய மின்தகடும் பேட்டரியும் கட்டாயம்.

பக்கத்திலேயே மழைமானியும் வைக்க வேண்டும். மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவின் சிதைவுப் பொருள்களை மழை தரைக்கு இறக்கும்போது கதிர்வீச்சு அளவு சற்று ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். அது இயற்கைதான், அணு உலைக் கசிவு அல்ல என்று மழைக்கணக்கைப் பார்த்தே உறுதிசெய்கிறார்கள்.