இணையம் இல்லாமலும் இயங்கும் பாடம்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் பைத்தான் நிரல்மொழியைப் பயில்கின்றனர். அச்சுநூலில் உள்ள நிரலோ அசைவதில்லை. ஓர் எண்ணை மாற்றினால் விடை எவ்வாறு மாறும் என்பதை மாணவர் ஊகிக்கத்தான் முடியும். மனப்பாடம் மதிப்பெண் தரும். நிரல் எழுதும் திறனைத் தராது.

விளக்கமும் நிரலும் ஒன்றாக அமைய வேண்டும் என்ற கருத்தை டொனால்ட் நூத் 1984-இல் முன்வைத்தார். இன்று ஜூபிட்டர் குறிப்பேட்டில் ஒரு பத்தி விளக்கம், அதன்கீழ் நிரல், அதன்கீழ் விடை என ஆசிரியரே பாடம் அமைக்கலாம். மாணவர் நிரலைத் திருத்தி இயக்கினால் விடையும் அங்கேயே மாறும்.

ஆனால், இதற்குப் பைத்தான் நிறுவிய கணினியோ, தொலைவிலுள்ள வழங்கியுடன் அறுபடாத இணைப்போ தேவை. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டிய கொல்லிமலை போன்ற இடங்களில், முகடுகள் அலைபேசி அலைகளை மறிக்கும்போது பாடமும் நின்றுவிடும்.

இதற்கும் வழி உண்டு. 2018-இல் மொசில்லாவில் தொடங்கப்பட்ட பையோடைடு, உலாவிக்குள்ளேயே பைத்தானை இயக்குகிறது. அதைப் பயன்படுத்தும் ஜூபிட்டர்லைட்டின் கோப்புகளைப் பள்ளிக் கணினி ஒன்றில் ஒருமுறை சேமித்துவிட்டால், ஆய்வகத்தின் ஏனைய கணினிகள் உள்வலையமைப்பின் வழியே அவற்றைப் பெறலாம். வெளி இணையம் வேண்டாம். உரிமக் கட்டணமும் இல்லை.

பைத்தானின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே. எனினும், மாறிகளுக்குத் தமிழில் பெயரிடலாம். 'சாமை_விளைச்சல்' என்ற மாறியில் தன் வீட்டு நிலத்தின் கணக்கை இட்டுச் சராசரி காணும் மலைவாழ் மாணவிக்கு நிரல் அந்நியமாக இராது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். இத்தகைய பாடத்தை உருவாக்கும் உழைப்பு ஒருமுறைச் செலவு. மற்றொரு பள்ளிக்கு நகலெடுக்க ஏறத்தாழச் செலவே இல்லை. விலையின்றிப் பகிரத்தக்க பண்டத்தை ஆக்கச் சந்தை முன்வருவது அரிது. அது அரசின் கடமை. கருவிகள் ஆயத்தமாக உள்ளன. தமிழில் பாடங்களும் அவற்றை எழுதும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களுமே தேவை. 12-ஆம் வகுப்புப் பைத்தான் பாடங்களை இவ்வடிவில் வெளியிடுவதிலிருந்து பள்ளிக் கல்வித்துறை தொடங்கலாம். முதல் நகல் மலைப் பள்ளிகளுக்குச் செல்லட்டும்.