விஞ்ச் ஓடும் துறைமுகம்

பழனியில் பிறந்தவளுக்கு மலையேற யாரும் கற்றுத்தர வேண்டாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. சிலி நாட்டு வல்பரைசோ முதல் நாளே அதை இறக்கி வைத்துவிட்டது.

ஆசிரியர் வேலையில் ஓய்வுபெற்ற மறுவருடம், பென்ஷனைக் கணக்குப் போட்டு நான்கு மாதம் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினேன். அதில் முழுசாக ஒரு மாதம் இந்த ஊர். மாத வாடகைக்கு எடுத்தால் மலிவு. அறையோடு அடுப்பும் இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் கடலுக்கும் வீட்டுக்கும் விரற்கடை தூரம். வரைபடம் உயரத்தைச் சொல்லாது. தலைநகர் சாந்தியாகோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பேருந்து கொண்டுவந்து விட்டது. கடைசி 162 படிகளைப் பெட்டியோடு ஏற எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

கடலோரமாக ஒரு ஒட்டுத் துண்டு சமதரை. ‘எல் பிளான்’ என்கிறார்கள். அதிலும் நிறைய இடம் கடலைத் தூர்த்து எடுத்தது. துறைமுகம், வங்கி, சந்தை, நாடாளுமன்றம் எல்லாம் அங்கே. மக்கள் குடியிருப்பதோ சுற்றிலும் எழும் நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகளில். ‘செர்ரோ’ என்றால் குன்று. வேலைக்கு இறங்கு, தூங்க ஏறு. ஊரின் இலக்கணமே அவ்வளவுதான்.

இறங்கி ஏற அவர்களுக்கும் விஞ்ச் உண்டு. ‘அசென்சோர்’ என்று பெயர். கொன்செப்சியோன் குன்றில் 1883இல் ஓட ஆரம்பித்ததுதான் முதலாவது. நம் பழனி விஞ்ச் போலத்தான் வேலை செய்கிறது: கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டியது மாதிரி ஒரு பெட்டி இறங்க மற்றது ஏறும். ஒன்றின் எடையை மற்றது தாங்கிக்கொள்வதால், மோட்டார் இழுக்க வேண்டியது வித்தியாசத்தை மட்டும்தான். மரப்பெட்டி, உரசித் தேய்ந்த கதவு, ஒரு குலுக்கல், ஒரு நிமிடம். கடல் மெல்லக் காலடிக்கு இறங்கும். நான் போனபோது கட்டணம் 100 பேசோ, நம் காசுக்குச் சுமார் பத்து ரூபாய். பொலாங்கோ குன்றில் இன்னும் வேடிக்கை. மலைக்குள் 150 மீட்டர் சுரங்கத்தில் நடந்துபோய், அங்கிருந்து செங்குத்தான லிஃப்டில் ஏற வேண்டும். ஆனால் இவற்றில் பல நின்றுபோய்விட்டன. எது ஓடுகிறது, எது பழுது என்று காலையில் விசாரித்துக்கொண்டுதான் என் முழங்கால் அன்றைய திட்டத்தைப் போடும்.

பனாமா கால்வாய் 1914இல் திறக்கும்வரை, தென் முனையைச் சுற்றி வந்த கப்பல்களுக்கு இது பெரிய நிறுத்தம். பிறகு சரிவு. அந்தக் காலத்துத் தகர நெளிதகடுகள்தான் இன்றும் வீடுகளின் சுவர்ச்சட்டை; மீந்த கப்பல் பெயிண்டை அடித்ததால்தான் இத்தனை நிறம் என்று ஊரார் சொல்கிறார்கள். 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தப் புகழெல்லாம் துறைமுகத்துக்கு மேலே உள்ள இரண்டு மூன்று குன்றுகளோடு சரி. காப்பிக் கடைகளும் அங்கேதான், விலையும் அங்கேதான்.

எனக்குப் பிடித்தது 612ஆம் எண் பேருந்து. குன்றுகளின் இடுப்பைச் சுற்றி ஓடும் அலெமானியா அவென்யூ வழியாகப் போகும். டூர்காரர்கள் காட்டாத ஊரை ஒரே டிக்கெட்டில் காட்டிவிடும். மேலே போகப் போகப் பணக்கார வீடுகள் என்பது நம் ஊட்டி, கொடைக்கானல் கணக்கு. இங்கே தலைகீழ். உச்சியில் பலகையும் தகரமும். கடல் நன்றாகத் தெரிவது அங்கிருந்துதான். தண்ணீர் போய்ச் சேராததும் அங்கேதான். 2014 ஏப்ரலில் மலைக்குப் பின்னாலிருந்த காட்டில் பிடித்த தீ, காற்றோடு பள்ளங்கள் வழியாக இறங்கி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. 15 பேர் இறந்தார்கள். குறுகிய சந்துகளில் தீயணைப்பு வண்டி ஏற முடியவில்லை.

பாப்லோ நெரூதாவின் ‘லா செபாஸ்தியானா’ வீடு என் அறையிலிருந்து பத்து நிமிட நடை. வகுப்பில் அவர் கவிதைகளை எத்தனையோ முறை வாசித்துக் காட்டியவள் நான். அவருடைய சுயசரிதையும் படித்திருக்கிறேன். 1929இல் கொழும்பில் கான்சலாக இருந்தபோது, கழிவறை சுத்தம் செய்ய வந்த தமிழ்ப் பெண்ணைப் பலவந்தப்படுத்தியதை அவரே அதில் எழுதியிருக்கிறார். அவள் பெயரை எழுதவில்லை. சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதா பெயரைச் சூட்ட 2018இல் முயன்றபோது, சிலிப் பெண்கள் இதைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள். வாசல் வரை போனேன். டிக்கெட் விலை என் ஒருநாள் சாப்பாட்டுச் செலவு. சிக்கனம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு திரும்பினேன். சிக்கனம் இல்லை.

வீட்டுக்கார அம்மா என்னை ‘வெசீனா’ என்பார். பக்கத்து வீட்டுக்காரி என்று அர்த்தம். கீழே கார்தொனால் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்: “எல்லாம் எழுதிக்கொண்டாயா, வெசீனா?” ஒரு நாள் உப்பை மறந்துவிட்டு வந்தேன். அன்றைக்கு உப்பில்லாமலே சாப்பிட்டேன். மறந்தால் அவர் வீட்டிலும் அப்படித்தானாம். கேஸ் சிலிண்டர்காரர் இரும்பால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு வரும் ஓசை கேட்டால் மட்டும் தெருவே ஜன்னலுக்கு வரும். தோளில் சுமந்து அத்தனை படியும் ஏறி வருபவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை யாரும் விலை கேட்பதில்லை.

கிளம்பிய நாள் பெட்டியை அசென்சோரில் இறக்கி, பேருந்து நிலையம் வந்து சேர்ந்தபோது வீட்டுக்கார அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அறைச் சுவரில் செருகியபடியே என் சார்ஜர் அடாப்டர். பேருந்துக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

ஏறி வருகிறாயா என்று அவரும் கேட்கவில்லை. நிலையத்துக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.