கறை வேட்டிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் என்ன லாபம்? பெரம்பலூர், அரியலூர் நிலவரம்

பெரம்பலூர்:-

கல்யாணப் பந்தியில் தி.மு.க. கறை வேட்டியும் அ.தி.மு.க. கறை வேட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், "என்னண்ணே, புதுக் கூட்டணியா?" என்று கிண்டல் கிளம்பிவிடும். கிண்டலோடு போனால் பரவாயில்லை. சிரித்ததே குற்றமான கதையும் உண்டு. 2017 பிப்ரவரியில், சட்டசபையில் மு.க.ஸ்டாலினைப் பார்த்து ஓ.பன்னீர்செல்வம் சிரித்ததை சசிகலா ஒரு புகாராகவே சொன்னார். அதே பன்னீர்செல்வம், 2021 மே 7-ந்தேதி ஸ்டாலின் முதல்-அமைச்சராகப் பதவி ஏற்றபோது கவர்னர் மாளிகை தேநீர் விருந்தில் கலந்துகொண்டார்.

மேலிடத்து மனஸ்தாபம் கீழே எப்படி இறங்கும் என்பதை அரியலூர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். தி.மு.க. ஆட்சியில் 2001 ஜனவரி 1-ந்தேதி தனி மாவட்டம் வந்தது. அ.தி.மு.க. ஆட்சியில் 2002-ல் அது பெரம்பலூரோடு மறுபடி சேர்க்கப்பட்டது. மீண்டும் தி.மு.க. வந்து, 2007 நவம்பர் 23-ந்தேதி திரும்பப் பிரித்தது. நடுவில் 5 வருஷம், கலெக்டரிடம் மனு கொடுக்க ஜனங்கள் பெரம்பலூருக்கு பஸ் ஏறினார்கள்.

அரசு நடத்தும் விருந்துகள் இருக்கத்தான் செய்கின்றன. சுதந்திர தினத்திலும், அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3-ந்தேதியும் கோவில்களில் பொது விருந்து நடக்கும். சமபந்தி போஜனம் என்று சொன்னால்தான் பெரியவர்களுக்குப் புரியும். சாதி பார்க்காமல் உட்கார வைக்க வந்த ஏற்பாடு. ஆனால் ஆளும்கட்சியும் அதிகாரிகளும் முன்னால் நின்றால், எதிர்க்கட்சிக்காரர் 'நமக்கென்ன வேலை' என்று ஒதுங்கிவிடுவார்.

நாற்காலி இன்னொரு தலைவலி. 2016 மே 23-ந்தேதி ஜெயலலிதா பதவி ஏற்பு விழாவுக்கு ஸ்டாலின் போனார். அவரைப் பின்வரிசையில் உட்கார வைத்ததுதான் பெரிய செய்தியானது. அவமதிக்கும் எண்ணம் இல்லை என்று ஜெயலலிதாவே மறுநாள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

துக்க வீட்டில் இந்தத் தொல்லை கிடையாது. மேடை இல்லை, மாலை மரியாதை இல்லை, பெயர் வரிசை இல்லை. 2018-ல் கருணாநிதி ஆஸ்பத்திரியில் இருந்தபோது எடப்பாடி பழனிசாமி போய் விசாரித்தார். 2020 அக்டோபரில் பழனிசாமியின் தாயார் இறந்ததும் ஸ்டாலின் வீட்டுக்கே போய் ஆறுதல் சொன்னார். சிற்றூர்களில் அனைத்துக் கட்சி மவுன ஊர்வலம் கூடுவதும் இதனால்தான். ஆனால் சாவு விழுந்தால்தான் முகம் பார்ப்போம் என்றால் எப்படி?

செந்துறை அருகே பொன்பரப்பியில் 2019 ஏப்ரல் 18-ந்தேதி, ஓட்டுப்பதிவு அன்றே மோதல் மூண்டு, தலித் மக்களின் வீடுகள் நொறுக்கப்பட்டன. அது சிதம்பரம் தொகுதி. விடுதலை சிறுத்தைகள் ஒரு கூட்டணி, பா.ம.க. எதிர்க்கூட்டணி. திருமாவளவன் ஜெயித்தது வெறும் 3,219 ஓட்டில். இத்தனைக்கும் 2011 தேர்தலில் இந்த இரண்டு கட்சியும் ஒரே அணி. பக்கத்து ஜெயங்கொண்டத்தில் பா.ம.க.வின் ஜெ.குரு அந்த அணியில் நின்றுதான் எம்.எல்.ஏ. ஆனார். தலைவர்கள் கைகோத்ததும் பிரிந்ததும் தேர்தல் கணக்கு. ஊருக்குள் இரண்டு தெருவும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தை அந்தக் கணக்கு உண்டாக்கவில்லை.

இப்படி அடிதடி நடந்தால் ஆர்.டி.ஓ.வும் போலீசும் இரு தரப்பையும் கூப்பிட்டு சமாதானக் கூட்டம் போடுவது வழக்கம். கையெழுத்து வாங்குவார்கள், டீ கொடுப்பார்கள். அந்த டீ வழக்கு பதிவான பிறகு வருகிற டீ.

ஓட்டுச்சாவடியில் கதை வேறு. காலையிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காரும் பூத் ஏஜெண்டுகள் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள். மதியம் யாருடைய பொட்டலம் முதலில் வருகிறதோ அதைப் பிரித்துச் சாப்பிடுவதும் உண்டு. "நீ சாப்பிடு மாமா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லும் ஆள் எதிர்க்கட்சி ஏஜெண்டாகவும் இருப்பார்.

கட்சிக்காரர் அழைத்தால் அடுத்த கட்சிக்குச் சந்தேகம் வரும். வியாபாரிகள் சங்கமோ, கோவில் திருவிழாக் கமிட்டியோ அழைத்தால் மறுக்கக் காரணம் இருக்காது. பேசவும் விஷயம் இருக்கிறது. பெரம்பலூர் நகருக்கு இன்னும் ரெயில் கிடையாது. அரியலூரில் இருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை போட வேண்டும் என்பதில் எந்தக் கட்சிக்கும் மாற்றுக் கருத்து இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.