பாய் சுருட்டிய பயணம்

பாய்மரப் படகு வாங்கிய தம்பதி முதல் பயணத்துக்குக் கடலைத்தான் தேடிப் போவார்கள் என்று நினைப்போம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பலர் அப்படிச் செய்வதில்லை. குளிர் தலைகாட்டும் அக்டோபரில் வடக்கிலிருந்து ஃப்ளோரிடாவுக்குக் கிளம்புகிறவர்கள் வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் துறைமுகத்தில் உள்ளே திரும்பிவிடுகிறார்கள். கடல் வழியாகப் போனால் ஹாட்டரஸ் முனையைச் சுற்ற வேண்டும். புயலுக்கும் மணல்திட்டுக்கும் பேர்போன இடம் அது. அதைத் தவிர்த்து ஆறு, கால்வாய், காயல் என்று கரைக்கு உட்புறமாகவே போக ஒரு வழி உண்டு. பெயர் இன்ட்ராகோஸ்டல் நீர்வழி. அதன் மைல் கணக்கு நார்ஃபோக்கில் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

முதல் சில நாட்களுக்குப் பாயை மறந்துவிடலாம். கால்வாய் குறுகல், எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து போக இடம் கிடையாது. டீசல் எஞ்சின்தான் துணை. ஆனால் சுருட்டிய பாயோடு அந்த நெட்டை மரமும் கூடவே வருகிறதே, அதுதான் கவலை. இவ்வழியில் பெரும்பாலான நிலைப்பாலங்களின் கீழ் இடைவெளி 65 அடி. மர உச்சியில் உள்ள ஆன்டெனாவையும் சேர்த்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பல பாலங்களின் காலில் அடிக்கணக்கு எழுதிய பலகை இருக்கும். தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் எண்தான் அந்த நேரத்து இடைவெளி. படகில் நின்று அண்ணாந்து பார்த்தால் எந்தப் பாலமும் இடிக்கப்போவதுபோலத்தான் தெரியும். கண்ணை விடப் பலகையை நம்புங்கள்.

தாழ்வான பாலங்கள் திறந்து வழி விடும். ரேடியோவில் 13-ஆம் சேனலில் பாலக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அலுவலக நேரத்தில் சில பாலங்கள் படகுக்காகத் திறக்கா. பிரேக் இல்லாத வண்டியை நீரோட்டத்தில் நிறுத்திவைப்பது எப்படி என்பதை அங்கே காத்திருக்கும்போது கற்றுக்கொள்வீர்கள்.

ஏழாவது மைலை ஒட்டி வழி இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் அகலமான கால்வாய், சரக்குப் படகுகளுக்கும் அதுதான் பாதை. வலப்பக்கம் டிஸ்மல் சதுப்புக் கால்வாய். படகின் அடிப்பாகம் ஐந்தடிக்கு மேல் நீருக்குள் இறங்காது என்றால் நான் வலப்பக்கம்தான் சொல்வேன். ஆழம் ஆறடி அளவுதான். மூழ்கிய மரக்கட்டை எப்போதாவது அடியில் ‘டொக்’ என்று தட்டும். மெதுவாகப் போனால் பெரிய சேதம் வராது. பழுதுபார்ப்புக்காக இக்கால்வாயை மூடிவிடுவதும் உண்டு, விசாரித்துக்கொண்டு திரும்புங்கள்.

நுழைவாயிலில் டீப் க்ரீக் லாக். இரு பக்கமும் கதவு வைத்த நீர்த்தொட்டி என்று லாக்கைச் சொல்லலாம். படகு உள்ளே போனதும் பின்கதவு மூடும், தண்ணீர் நிறையும், எட்டடி போல உயர்ந்ததும் முன்கதவு திறக்கும். புதியவர்கள் தடுமாறுவது கயிற்றில். அணியத்தில் ஒருவர், பின்புறம் ஒருவர். ஆளுக்கொரு கயிறு, அதைக் கரையில் உள்ள முளையில் சுற்றிக் கொண்டுவந்து நுனியைக் கையில் பிடித்திருக்க வேண்டும். முடிச்சுப் போடவே கூடாது. படகு ஏற ஏறத் தொய்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மறுமுனையில் சவுத் மில்ஸ் லாக்கில் இதற்கு நேர்மாறு, படகு கீழே இறங்கும். அங்கே கயிற்றை முடிந்து வைத்தால் தண்ணீர் இறங்கிவிடும், படகு சுவரில் தொங்கும். எஞ்சின் சத்தத்தில் ஒருவர் கத்துவது மற்றவருக்குத் திட்டுவதுபோலக் கேட்கும். கைச்சாடைகளை முந்தின இரவே பேசி வைத்துக்கொண்டால் குடும்பத்துக்கு நல்லது.

உள்ளே 22 மைல், ஏறக்குறைய ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேர்வழி. தண்ணீர் பால் ஊற்றாத டிகாக்‌ஷன் நிறம். மரப்பட்டையும் இலையும் ஊறி இறங்கிய சாயம் அது. வெள்ளைப் படகின் முகத்தில் பழுப்புக் கறையாகப் படியும். படகுக்காரர்கள் அதை மீசை என்கிறார்கள். எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்த்தால் போகும். கோடையில் பாசி மிதக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியிலிருந்துதான் வருகிறது என்பதால் அதன் வடிகட்டியை அடிக்கடி திறந்து பாருங்கள்.

அழகான இந்த நேர்கோட்டை 1793 முதல் 1805 வரை கையால் வெட்டியவர்கள் அடிமைகள். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்ததும் இதே சதுப்புக்காட்டில்தான். இக்கால்வாயில் படகோட்டிய மோசஸ் கிராண்டி என்ற அடிமை தன் விடுதலைக்கு இரண்டு முறை பணம் கட்டி, இரண்டு முறையும் எசமானர்களால் ஏமாற்றப்பட்டு, மூன்றாம் முறைதான் மீண்டார். அவருடைய வரலாறு 1843-இல் லண்டனில் புத்தகமாக வந்தது.

ஐம்பதாவது மைலைத் தாண்டியதும் எலிசபெத் சிட்டி. நகரத்துப் படகுத்துறையில் கட்டணமில்லை. 1983-இல் ஜோ கிரேமர், ஃப்ரெட் ஃபியரிங் என்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள், வந்திறங்கும் படகுக்காரர்களுக்கு வைனும் பாலாடைக்கட்டியும் கொடுத்து, பெண்களுக்கு ஆளுக்கொரு ரோஜாவும் நீட்டி வரவேற்கத் தொடங்கினார்கள். ஊருக்கே அது அடையாளமாகிவிட்டது.

அடுத்தது ஆல்பமார்ல் காயல். இங்கேதான் பாயை விரிக்க இடம் கிடைக்கிறது. ஆனால் பரப்பு பெரிது, ஆழம் குறைவு. காற்று வலுத்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து ஒன்றன்பின் ஒன்றாக அறையும். காலையில் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். காற்று பலமென்றால் கயிற்றை அவிழ்க்காதீர்கள், இலவசத் துறையில் இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போங்கள்.