இணையத்தில் மெத்தை வாங்குவோர் அறிய வேண்டியவை



ஐதராபாத் மாநகரின் வடமேற்கே பாலாநகர் என்னும் தொழிற்பகுதி அமைந்துள்ளது. 1968-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் இங்கேதான் உள்ளது. அதனைச் சூழ்ந்து கடைசல் பட்டறைகளும் அச்சுக்கருவி செய்யும் கூடங்களும் தெருத்தெருவாக இயங்குகின்றன. கருவித் தொழில் கற்கவும், பட்டறைகளில் உழைக்கவும், மத்திய அரசு அலுவலகங்களில் பணியாற்றவும் தமிழகத்திலிருந்து வந்து இப்பகுதியில் குடியேறியவர் பலர். அவர்களுள் நாமும் ஒருவர்.

வெளி மாநிலத்தில் புதிதாகக் குடித்தனம் வைப்போர் அடுப்பும் பாத்திரமும் வாங்கிய பின் அடுத்து நாடுவது ஒரு மெத்தை. நம் சிற்றூர்களில் இஃது ஒரு பெரிய காரியமாக இருந்ததில்லை. பஞ்சு அடிப்பவர் வீட்டு வாசலுக்கே வருவார். போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சை நம் கண்முன்னே நிறுத்து, அடைத்து, தைத்துக் கொடுத்துச் செல்வார். பஞ்சு ஓரிடத்தில் திரண்டு மேடு தட்டினால் அடுத்த வாரம் அவரையே அழைத்துச் சரிசெய்துகொள்வோம். விற்றவரையும் தெரியும், அவர் வீட்டையும் தெரியும். இன்றோ கைப்பேசியில் படத்தைப் பார்த்துப் பணம் செலுத்துகிறோம். விற்பவர் யார், எந்த ஊரார் என்பதை அறியோம். அந்தப் பழைய அறிமுகத்தின் இடத்தில் இப்போது நிற்பது, 'ரிட்டர்ன் பாலிசி' என்று வழங்கப்படும் திருப்பியெடுக்கும் நிபந்தனை ஒன்றே.

சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் வசிக்கும் இளைஞர் ஒருவர், பட்டறைத் தொழிலாளி, முதுகுவலியால் துன்புறும் தம் தாயாரைச் சிகிச்சைக்காக ஊரிலிருந்து அழைத்துவர எண்ணினார். அதன் பொருட்டு ரூ.11,000 விலையில் மெத்தை ஒன்றை இணையத்தில் வாங்கினார். ஆறு அங்குலக் கனம் என்பது விளம்பரம். வந்த மெத்தையோ மூன்று நாள் விரித்து வைத்த பின்னும் ஐந்து அங்குலத்துக்கு மேல் எழும்பவில்லை. மயிரிழை அளவையும் கணிக்கப் பழகிய கை அவருடையது. அளப்பதில் அவர் தவறியிருக்க இயலாது. விற்றவரிடம் முறையிட்டார். "உறையைப் பிரித்துவிட்டீர்கள், இனித் திருப்பியெடுக்க இயலாது. வேண்டுமானால் எங்கள் தலைமை அலுவலகம் உள்ள ஊரில் வந்து வழக்குப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று விடை வந்தது. தாயார் பாயில் படுத்திருந்தார். மொழிபெயர்ப்பு நம் தொழிலாகையால், அவ்வாங்கில நிபந்தனைகளை எடுத்துக்கொண்டு அவ்விளைஞர் நம்மிடம் வந்தார். அன்று அவருடன் அமர்ந்து படித்தறிந்தவற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

முதற்கண், மெத்தைக்கு மட்டும் இச்சிக்கல் ஏன் மிகுதியாக எழுகிறது என்பதைக் காண்போம். இக்காலத்து ஃபோம் மெத்தைகள் பலவற்றை இயந்திரத்தால் அழுத்தி, பாலிதீன் உறைக்குள் காற்றை உறிஞ்சியெடுத்து, பாய்போல் சுருட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்புகின்றனர். உறையைக் கத்தரித்ததும் காற்றை உள்வாங்கி மெத்தை எழும்புகிறது. முழுக் கனம் பெற ஓரிரு நாள் பிடிக்கும். அதனை மீண்டும் சுருட்டி அதே பெட்டியில் அடைப்பது வீட்டில் எவராலும் ஆகாத செயல். எனவே, 'பிரிக்காத உறையில் வந்தபடியே இருந்தால் மட்டும் திருப்பியெடுப்போம்' என்ற நிபந்தனை மெத்தையைப் பொறுத்தவரை திருப்பியெடுக்கவே மாட்டோம் என்பதற்கு ஒப்பாகும். பிரிக்காமல் படுத்துப் பார்ப்பது எங்ஙனம்?

அடுத்து, மூன்று வாக்குறுதிகளைப் பிரித்தறிதல் வேண்டும். பலர் இவற்றை ஒன்றெனக் கருதி இடர்ப்படுகின்றனர்.

முதலாவது, விற்பனைத் தளம் தரும் திருப்பியெடுப்புக் காலம். இது பெரும்பாலும் சில நாட்களே. பொருள் வந்த நாளிலிருந்து எண்ணப்படுவது. பல இடங்களில் மாற்றுப் பொருள் மட்டுமே கிடைக்கும், பணம் கிடைக்காது.

இரண்டாவது, உற்பத்தியாளர் தரும் சோதனைக் காலம். 'நூறு இரவுகள் உறங்கிப் பாருங்கள். பிடிக்காவிடில் பணம் வாபஸ்' என்று சில நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. இது நல்ல ஏற்பாடே. ஆயினும் அவர்களுடைய சொந்தத் தளத்தில் வாங்குவோருக்கு மட்டும் என்றும், கறை படக்கூடாது என்றும், தனி அளவில் செய்வித்த மெத்தைக்குப் பொருந்தாது என்றும் நிபந்தனைகள் கீழே இருத்தல் கூடும்.

மூன்றாவது, ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று கூறப்படும் உத்தரவாதம், அதாவது வாரண்டி. இது செய்பொருளின் குறைக்கே உரியது. குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் குழி விழுந்தால் இது கைகொடுக்கும். மெத்தை நமக்கு மிகக் கடினமாக உள்ளது, மிக மென்மையாக உள்ளது என்பதற்கு இதில் இடமில்லை.

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இன்னுமொன்று சொல்வோம். ஆங்கில நிபந்தனைகளில் 'ஷால்' என்ற சொல் வருமிடத்தில் நிறுவனம் கட்டுப்படுகிறது. 'மே' என்ற சொல் வருமிடத்தில் விரும்பினால் செய்யும். 'பணம் திருப்பித் தரப்படும்' என்பதற்கும் 'திருப்பித் தரப்படலாம்' என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. ஆங்கிலத்தில் பயிற்சி குறைந்தோர் இந்த ஒரு சொல்லையேனும் பிறரைக் கேட்டுத் தெளிந்த பின் பணம் செலுத்துவது நன்று.

இனி, சட்டம் என்ன கூறுகிறது? இங்கே ஒரு வேறுபாட்டை உள்ளத்தில் இருத்துதல் வேண்டும். குறையற்ற மெத்தை நமக்குப் பிடிக்கவில்லை என்பது ஒன்று. மெத்தையே குறையுடையது, அல்லது சொன்னபடி இல்லை என்பது மற்றொன்று. முன்னதற்கு நம் நாட்டில் பொதுவான சட்ட உரிமை இல்லை. விற்பவர் மனமுவந்து அளித்த வாக்குறுதியே துணை. பின்னதற்கோ சட்டமே துணை நிற்கிறது.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுடையதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாததாகவோ இருப்பின், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுத்தல் கூடாது. சொன்ன நாளுக்குப் பிந்தி வந்த பொருளுக்கும் இது பொருந்தும். தடுக்கவியலாத இடையூறுகளால் நேர்ந்த தாமதம் மட்டும் விலக்கு. திருப்பியெடுக்கும் நிபந்தனைகளை வாங்குவோர் காணுமாறு வெளியிடுதலும் கட்டாயம். ஒவ்வொரு தளமும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை அமர்த்தி, அவருடைய பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு காணுதல் வேண்டும். மேலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள், அவ்வாறு காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகமாகும்.

பிற நாட்டு வழக்கையும் இங்கு நோக்குதல் பயன்தரும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், தொலைவிலிருந்து வாங்கிய பொருளைக் காரணம் கூறாமலே 14 நாட்களுக்குள் திருப்பியளிக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. ஜெர்மனியில் ஒருவர் இணையத்தில் வாங்கிய மெத்தையின் உறையை நீக்கிய பின் திருப்பியளிக்க முற்பட்டார். உடல்நலத் தூய்மை கருதி முத்திரையிட்ட பொருளைப் பிரித்த பின் திருப்ப இயலாது என்னும் விதிவிலக்கை விற்றவர் சுட்டினார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. 2019 மார்ச் 27-ஆம் நாள் அந்நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே தீர்ப்புக் கூறியது. தங்கும் விடுதிகளில் ஒரே மெத்தையில் பலர் மாறிமாறிப் படுக்கின்றனர். ஆடையைப் போல மெத்தையையும் தூய்மை செய்து மீண்டும் விற்கலாம் என்பது அதன் கருத்து. அத்தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. எனினும், உறையைப் பிரித்ததே குற்றம் என்று எவரேனும் கூறினால் அதை மறுவார்த்தையின்றி ஏற்க வேண்டியதில்லை என்பதை அதனால் அறியலாம்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு முதன்மையான செய்தி இனி வருவது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின்கீழ், எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ வழக்கின் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ, முறையிடுபவர் தாம் வசிக்கும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வழிசெய்துள்ளது. பாலாநகரில் வாழ்பவர் பெங்களூருக்கோ டில்லிக்கோ செல்ல வேண்டியதில்லை. தம் சொந்த ஊருக்கும் செல்ல வேண்டியதில்லை. கொடுத்த விலை ரூ.5 லட்சம்வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடுதல் வேண்டும்.

அதற்கு முன்பே நாடத்தக்கது 1915 என்ற எண்ணுடைய தேசிய நுகர்வோர் உதவி மையம். அங்கே தமிழிலும் பேசலாம். அம்மையத்துக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை. ஆயினும் முறையீட்டை நிறுவனத்துக்கு அனுப்பி விடை கேட்டுத் தரும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை சில உள. கட்டிலின் உள்ளளவை அங்குலக் கணக்கில் இருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பக்கத்தையும் திருப்பியெடுக்கும் நிபந்தனையையும் அன்றைய நாளிலேயே படமெடுத்து வையுங்கள். அப்பக்கங்கள் பின்னர் மாறக்கூடும். பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்து கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். உறையைக் கிழிக்காமல் ஓரத்தில் கத்தரித்து எடுத்து வையுங்கள். சோதனைக் காலம் முடியும்வரை மெத்தைமேல் விரிப்பு இட்டே படுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் பேசியதோடு நில்லாமல் முறையீட்டை எழுத்தில் அனுப்புங்கள்.

இவற்றையெல்லாம் எடுத்துரைக்கும் நாமும் ஒருமுறை தவறியவரே. உற்பத்தியாளரின் நூறு இரவு விளம்பரத்தை நம்பி, விலை சிறிது குறைவென்று வேறொரு தளத்தில் அதே மெத்தையை வாங்கினோம். படுத்துப் பார்த்தபோது மிகக் கடினமாக இருந்தது. அச்சலுகை அத்தளத்தில் வாங்கியோருக்கு இல்லை என்பது பின்னரே தெரிந்தது. மெத்தையில் குறை ஏதும் இல்லையாகையால் முறையிடவும் வழியில்லை. இன்றுவரை அதன் மீதே உறங்குகிறோம்.

அவ்விளைஞரின் நிலை வேறு. அளவுகோலை வைத்து எடுத்த படம், விளம்பரத்தின் படம், ரசீது ஆகிய மூன்றையும் இணைத்துக் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதினார். மறுநாள் ஒப்புதல் வந்தது. பின்பு இரு வாரம் மௌனம். 1915-ஐ அழைத்துத் தமிழிலேயே தம் குறையைப் பதிவு செய்தார். இருபத்து நான்காம் நாள் பணம் முழுவதும் திரும்பியது. அவர்களே ஆளனுப்பி மெத்தையையும் எடுத்துச் சென்றனர். அதே பணத்தில், கூக்கட்பள்ளியில் ஒரு கடையில் தாயாரைப் படுக்கவைத்துப் பார்த்தே வேறொரு மெத்தை வாங்கினார்.

மொழி வேறான ஊரில், கடையவர் சொன்னதே முடிவு என்று எண்ணிப் பொருளை இழப்போர் நம்மவருள் பலர். நாம் வாழும் ஊரிலேயே, நம் மொழியிலேயே கேட்க வழியுண்டு என்பதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.