நெல் அளந்து நடத்திய மருத்துவமனை
திருமுக்கூடல் கல்வெட்டு சொல்லும் கணக்கு

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போய், அங்கிருந்து செங்கற்பட்டு சாலையில் திரும்பினால் பழையசீவரம் வரும். எதிரே பாலாறு. பாலத்தைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுகிற இடம் என்பதால் இந்தப் பெயர். இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால், விவசாயிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அதில் உள்ளது.

சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்தில், 1068 வாக்கில் வெட்டப்பட்டது அது. கோயிலைச் சேர்ந்த வேதப் பள்ளி, மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகியவற்றின் ஆண்டுச் செலவுக் கணக்கு அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்குக்கூட ஏற்பாடு உண்டு. மருத்துவமனைக்கு ‘வீரசோழன் ஆதுலசாலை’ என்று பெயர். ஆதுலர் என்றால் நோயாளிகள். 15 பேர் படுத்துச் சிகிச்சை பெற இடம் இருந்தது. மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் அங்கே வைத்தியம் பார்த்தார்கள்.

மருத்துவருக்கு 90 கலம்

சம்பளம் எப்படி? பெரும்பகுதி நெல்லாகத்தான். மருத்துவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு நாள் ஒன்றுக்கு 3 குறுணி நெல். 12 குறுணி ஒரு கலம் என்பது நமக்குத் தெரிந்த கணக்குத்தான். ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தால் 90 கலம் ஆகிறது. இதோடு 8 காசும் உண்டு. கத்தி வைத்து அறுவை செய்கிறவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து தயாரிக்க உதவும் 2 ஆட்களுக்கு 60 கலம். நோயாளிகளைக் கவனிக்கும் 2 பெண்களுக்கு 30 கலம். நாவிதருக்கு 15 கலம். தண்ணீர் கொண்டுவருபவருக்கு 15 கலம்.

கூட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு 240 கலம் நெல்! நோயாளி ஒருவருக்கு நாளைக்கு ஒரு நாழி அரிசி தனி. 15 படுக்கையும் நிறைந்திருந்தால் அதுவே ஆண்டுக்கு 56 கலத்துக்கு மேல் போகும். இரவில் விளக்கெரிக்கவும் வழி செய்திருந்தார்கள்.

இவ்வளவும் எங்கிருந்து வந்தது? வயலைக்காவூர் என்ற ஊரின் வரி வருவாயை இந்தச் செலவுகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஊரில் ஏர் பிடித்தவனும் நாற்று நட்டவளும்தான் மருத்துவமனையைத் தாங்கினார்கள். இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் இ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறார்கள். நிர்வாகம் மூன்றேகால் ரூபாய் சேர்த்துக் கட்டுகிறது. வைத்தியத்துக்கென்று நிலையான வருவாயை ஒதுக்குவது என்கிற யோசனை நம் மண்ணுக்குப் புதியதல்ல.

வரப்பும் தோட்டமும் தந்த மருந்து

ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்வெட்டில் இருக்கிறது. ஏறக்குறைய 20 மருந்துகள். பெயர்கள் வடமொழியில் இருக்கின்றன. பொருளைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்குமேல் நாம் அறிந்த சரக்குகளே. கடுக்காயைச் சேர்த்துச் செய்தவை மட்டும் நான்கு: ஆடாதோடையுடன் ஒன்று, கோமூத்திரத்துடன் ஒன்று, தசமூலத்துடன் ஒன்று, சேராங்கொட்டையுடன் ஒன்று. தசமூலம் என்பது பத்து வேர்கள். வில்வம், குமிழ், கண்டங்கத்திரி, நெருஞ்சி ஆகியவற்றின் வேர்கள் அதில் அடங்கும். பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம் உண்டு. வில்வம் சேர்ந்த நெய் உண்டு. நாள்பட வைத்துப் பழக்கிய பழைய நெய்யும் மருந்தாகவே இருந்திருக்கிறது.

நிலக்கடலைக்கு வரப்போரம் ஆமணக்கு போடுகிறோம். புரோடீனியா புழுவை இழுக்கும் பொறிப்பயிர் என்பதற்காக. நெருஞ்சியைக் காலில் குத்துகிற களை என்று திட்டுகிறோம். இவையெல்லாம் ஒரு காலத்தில் மருத்துவமனையின் சரக்கறையில் இடம்பெற்றவை.

ஒரு எச்சரிக்கை. கல்லில் இருப்பது மருந்தின் பெயர்தான், செய்முறை இல்லை. ஆகவே பெயரைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் வைத்தியம் செய்யத் தொடங்க வேண்டாம். சேராங்கொட்டையின் பால் தோலில் பட்டாலே வெந்து புண்ணாகிவிடும். சுத்தி செய்யத் தெரிந்தவர்கள் கையாள வேண்டிய சரக்கு அது. உடம்புக்கு முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சித்த மருத்துவம் வேண்டுவோர் பதிவு பெற்ற மருத்துவரைப் பாருங்கள்.

பரணில் கிடக்கும் ஏடுகள்

கல்வெட்டு 950 ஆண்டுக்கு மேல் நின்றுவிட்டது. 1915ல் அரசுக் கல்வெட்டுத் துறையினர் அதைப் படியெடுத்தனர். பிறகு கே.வி. சுப்பிரமணிய ஐயர் அதை ஆராய்ந்து பதிப்பித்தார். கல்லில் இல்லாத செய்முறைகளை நம் முன்னோர் ஓலையில் எழுதி வைத்தார்கள். மனிதருக்கு வைத்திய வாகடம் போல மாட்டுக்கு மாட்டு வாகடம் இருந்தது. ஆனால் கல்லுக்கு உள்ள ஆயுள் ஓலைக்கு இல்லை. ஈரமும் கரையானும் போதும், ஏடு பொடியாகிவிடும்.

நம் வட்டாரத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. நிலம் கைமாறுகிறது, பழைய ஓட்டு வீடுகள் இடிபடுகின்றன. பரணில் தாத்தா வைத்த சுவடிக்கட்டு இருந்தால் அது குப்பையோடு போய்விடும். போகியில் கொளுத்திவிடுகிறவர்களும் உண்டு. அதில் இருப்பது கதைப்பாட்டோ, சோதிடமோ, வைத்தியமோ, படித்தவர் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டை இடிக்கும் முன் பரணை ஒரு முறை பாருங்கள். ஏடு கிடைத்தால் தண்ணீரில் கழுவாதீர்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். கட்டைப் பிரித்து வரிசையைக் கலைக்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. தஞ்சையில் சரசுவதி மகால் நூலகமும், தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையும் இருக்கின்றன. ஒரு கடிதம் போட்டு விவரம் கேளுங்கள்.

தண்ணீர் சுமந்தவருக்கு எத்தனை கலம் என்பதுவரை எழுதி வைத்ததால்தான் இன்று நாம் திருமுக்கூடல் மருத்துவமனையைப் பற்றிப் பேச முடிகிறது. உங்கள் பரணில் இருப்பதும் அப்படி ஒரு கணக்காக இருக்கலாம். நிலத்தை விற்றாலும் ஏட்டைக் குப்பையில் போடாதீர்கள்.