குளிர்காலத் தோட்டத்திற்கு ஒரு செவ்விலை மரம்

தென்காசி, குற்றாலம் பகுதிகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் பலருக்கு ஒரு குறை உண்டு. ஆனி முதல் ஆவணி வரை சாரல் வீசும் நாட்களில் தோட்டம் செழித்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பசுமைக்குக் குறைவில்லை. மார்கழி பிறந்து பனி இறங்கத் தொடங்கியதும் தோட்டம் களையிழந்துவிடுகிறது. இக்குறையை நீக்க விரும்பும் சிலர், மேல்நாட்டுப் படங்களில் காணும் மேப்பிள் மரத்தின்மீது ஆசை கொண்டு, அதன் விதையையும் கன்றையும் தபாலில் தருவிக்க முற்படுகிறார்கள். பொருளைச் செலவிடுமுன் அம்மரத்தின் இயல்பை அறிந்துகொள்வது நலம்.

மேப்பிளும் நமது சீதோஷ்ணமும்

1965-ஆம் ஆண்டு முதல் கனடா தேசத்துக் கொடியில் விளங்கும் செந்நிற இலை மேப்பிளின் இலையாகும். வட அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, ஜப்பான், இமயமலைச் சாரல் ஆகிய இடங்களில் இதன் பல இனங்கள் இயற்கையாய் வளர்கின்றன. நிறத்திற்காகப் புகழ்பெற்ற இனங்கள் யாவும் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குபவை. அவ்வுறக்கம் கலைந்து மொட்டுகள் ஒழுங்காய் விரிவதற்கு, கடுங்குளிர் பல வாரங்கள் நீடித்தல் அவசியம். தென்காசிச் சமவெளியில் தை மாதத்து விடியற்காலையிலும் அத்தகைய குளிர் கிடையாது. ஆகையால் கன்று பிழைத்தாலும் தளிர் ஒழுங்காய் வராமல் ஆண்டுக்காண்டு நலியும். விரும்பிய நிறமும் தோன்றாது.

அயல்நாட்டு மரம் என்பதனாலேயே ஒரு மரம் இங்கே பலிக்காதென்று கொள்ளலாகாது. கும்பினியார் காலத்தில் குற்றாலத்துத் தோட்டங்களில் சாதிக்காயும் கிராம்பும் வைக்கப்பட்டன. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் முதலியவையும் அங்கே காய்க்கின்றன. இவை வெப்பமும் ஈரமும் கூடிய கிழக்குத் தீவுகளிலும் மலாய் நாட்டிலும் தோன்றியவை. ஆகவே குற்றாலத்துச் சாரலில் வேரூன்றின. மரத்தின் தாயகம் எவ்வளவு தூரம் என்பதைவிட, அங்குள்ள சீதோஷ்ணம் நம்முடையதை ஒத்ததா என்பதையே முதலில் பார்க்கவேண்டும்.

நாட்டு வாதுமை

இவ்விதியின்படி தேடினால், குளிர்காலத்தில் இலை சிவக்கும் மரம் நம் தெருவிலேயே அகப்படுகிறது. வாதாங்கொட்டை மரம் என்று சிறுவர்கள் அறிந்த நாட்டு வாதுமையே அது. மருதம், கடுக்காய், தான்றி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரத்திற்கு 1767-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் தாவர சாஸ்திரி ‘டெர்மினேலியா கடாப்பா’ என்று பெயரிட்டார். இலைகள் கிளைநுனிகளில் கொத்தாய் அமைந்திருப்பதைக் குறிப்பதே அப்பெயரின் முற்பகுதி. கிளைகள் தண்டைச் சுற்றி அடுக்கடுக்காய்ப் படுக்கையாக நீளுவதால் இளமரம் விரித்த குடைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்தாற்போல் தோன்றும்.

மழை ஓய்ந்து, பகலில் தெளிந்த வெயிலும் இரவில் பனியும் உள்ள தை, மாசி மாதங்களில் இம்மரம் இலையுதிர்க்க ஆயத்தமாகிறது. அப்பொழுது இலையின் பச்சையம் சிதைந்து, அதிலுள்ள சத்துகளின் ஒரு பகுதியை மரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மஞ்சளும் சிவப்புமான நிறப்பொருள்கள் வெளிப்பட்டு, அகன்ற இலைகள் செம்பு நிறமும் பின்னர் இரத்தச் சிவப்பும் அடைகின்றன. நல்ல வெயில் படும் கிளைகளிலேயே சிவப்பு மிகும். ஆகையால் நிழலில் இம்மரத்தை வைப்பது வீண். இலையுதிர்ந்த சில நாட்களில் புதுத் தளிர் வந்து கோடைக்கு நிழல் தரும். சில மரங்கள் ஆடி மாதத்தை ஒட்டி மறுமுறையும் இலையுதிர்ப்பதுண்டு.

விதையும் நாற்றும்

நேராக வளர்ந்த, நன்றாய்ச் சிவக்கும் மரமொன்றைத் தை மாதத்திலேயே பார்த்துக் குறித்துவைத்து, அதனடியில் உதிரும் முதிர்ந்த பழங்களைப் பொறுக்கவேண்டும். சதையை நீக்கி, கொட்டையை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்துச் சித்திரை அல்லது வைகாசியில் பைகளில் ஊன்றுக. மூன்று முதல் ஆறு வாரங்களில் முளைக்கும். எல்லாக் கொட்டையும் முளைப்பதில்லையாதலால் தேவைக்கு நான்கு மடங்கு ஊன்றுதல் சிலாக்கியம். ஐப்பசி மழைக்குள் கன்றுகள் நடுவதற்குத் தயாராகும்.

நடுதலும் பராமரிப்பும்

நீளம், அகலம், ஆழம் இரண்டிரண்டு அடியாகக் குழி எடுத்து, மக்கிய தொழுவுரத்தை மேல்மண்ணுடன் கலந்து நிரப்பி நடுக. செம்மண்ணும் மணற்பாங்கும் ஏற்றவை. நீர் தேங்கும் கரிசலில் மேடுகட்டி நடவேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்று இளங்கன்றைச் சாய்த்துவிடும். ஆதலால் வைகாசி முடியுமுன் உறுதியான கழி நட்டு, தண்டு அறுபடாதபடி தளர்வாய்க் கட்டவேண்டும். முதல் இரண்டு கோடைகளில் வாரம் இருமுறை நீர் விட்டால் போதும். நல்ல நிலத்தில் முதல் சில ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் ஆறடி வரை உயரும். தலைப்பை வெட்டினால் அடுக்கமைப்புக் கெடும். நடமாட்டத்திற்குத் தடையான கீழடுக்கை மட்டும் நீக்கலாம்.

இடம் தேர்தல்

இம்மரத்தைப் பற்றிய குறைகளெல்லாம் இடத்தைச் சரியாய்த் தேராததனால் விளைபவை. கிளைகள் பரந்து செல்லுமாதலால் சுவரிலிருந்தும் அண்டை வீட்டு எல்லையிலிருந்தும் இருபத்தைந்து அடியேனும் விடவேண்டும். கிணறு, ஓட்டுக்கூரை, சாக்கடை, மின்கம்பி ஆகியவற்றின் அருகே நடலாகாது. தடித்த இலைகள் நீர்வழியை அடைத்துவிடும். பழத்திற்கு வௌவால் வந்து கூரையை அசுத்தப்படுத்தும். உதிர்ந்த இலைகளைக் கொளுத்தாமல் குழியிலிட்டுச் சாணக்கரைசல் தெளித்தால் நல்ல எருவாகும். வீட்டுத் தோட்டத்திற்குரிய இம்மரத்தை மலையடிவாரக் காட்டினுள் நடுவதும் கூடாது.

இவ்வளவு இடம் இல்லாதோர் பாயின்செட்டியா என்னும் மெக்சிகோ நாட்டுச் செடியை வைக்கலாம். இரவு நீளும் மார்கழியில் இதன் நுனியிலைகள் செக்கச்செவேலென்று மாறும். கிளைத்துண்டிலிருந்தே வளரும். இரவில் விளக்கொளி படுமிடத்தில் சிவப்பதற்குத் தாமதமாகும். இதன் பால் தோலில் அரிப்பை உண்டாக்குமாதலால், வெட்டியபின் கைகளைக் கழுவுதல் வேண்டும்.

தபாலில் வரும் விதைப்பொட்டலத்திற்குச் செலவிடும் பணம் சிறிதாயிருக்கலாம். பலிக்காத கன்றுக்குக் காத்திருந்து கழியும் ஆண்டுகள் திரும்பி வாரா. நம் சீதோஷ்ணத்திற்கு இசைந்த மரத்தைத் தக்க இடத்தில் நட்டவர், மூன்று நான்கு ஆண்டுகளிலேயே தை மாதத்தில் செவ்விலை நிறைந்த மரத்தைத் தம் வீட்டிலேயே காணலாம்.